சிவப்பு ஒயின் சிலருக்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

ஒரு பானத்தை வேண்டாம் என்று ஒதுக்குவதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் தனித்தனியே இருக்கின்றன. ஒன்று ‘பிடிக்கவில்லை’, மற்றொன்று ‘ஒத்துக்கொள்ளவில்லை’. முதலாவது நாக்கு சொல்லும் தீர்ப்பு, இரண்டாவது உடம்பு சொல்லும் தீர்ப்பு. பீர் கசக்கிறது என்று விலக்குபவர் முதல் வகையைச் சேர்ந்தவர். சிவப்பு ஒயினின் மணமும் சுவையும் மிகவும் பிடித்திருந்தும், அரைக் கோப்பை உள்ளே போன முக்கால் மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு தெறிக்கத் தொடங்கிவிடும் என்பதால் அதைத் தொடவே அஞ்சுபவர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். அதே மேசையில், அதே பாட்டிலிலிருந்து, அதே அளவு குடித்த மற்ற மூவருக்கு ஒன்றும் ஆவதில்லை. அவரும் வெள்ளை ஒயினோ வோட்காவோ குடித்தால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறார். இதைக் கேட்பவர்களில் பலர் அவர் அளவு மீறிக் குடித்திருப்பார் என்றோ, எல்லாம் மனப்பிரமை என்றோ சொல்லிக் கடந்துபோய்விடுகிறார்கள். அந்த இரண்டு விளக்கங்களும் அவருக்கு அநியாயம் செய்கின்றன என்பதே என் எண்ணம். அவருடைய வலி உண்மையானது. ஆனால், அதற்குக் காரணம் என்று அவரே சொல்லும் பொருள் பெரும்பாலும் தவறானது.

இந்தப் புகார் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசில் மருத்துவம் பற்றி எழுதிய செல்சஸ், தலைவலிக்கான காரணங்களை வரிசைப்படுத்தும்போது குளிர், வெயில், செரியாமை ஆகியவற்றோடு ஒயின் குடிப்பதையும் சேர்த்தே சொல்கிறார். ஆனால் எல்லா மதுவும் தலைவலி தரக்கூடியது என்பது வேறு செய்தி. சிவப்பு ஒயின் மட்டும் தனியாக ஏதோ செய்கிறது என்பது வேறு செய்தி. இரண்டாவதை மெய்ப்பிக்க வேண்டுமானால், குடிப்பவருக்குத் தான் என்ன குடிக்கிறோம் என்பது தெரியாமல் இருக்க வேண்டும். சிவப்பு ஒயினை அதன் நிறமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், இந்தச் சோதனையைச் செய்வது எளிதாக இல்லை.

1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு சிறிய ஆய்வு அந்தச் சிக்கலை எளிமையாகத் தீர்த்தது. பொதுவாக மது ஒத்துக்கொண்டாலும் சிவப்பு ஒயின் மட்டும் தங்களுக்கு ஒற்றைத் தலைவலியைக் கொண்டுவருகிறது என்று நம்பிய நோயாளிகள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினருக்குச் சிவப்பு ஒயினும், மற்றவர்களுக்கு அதே ஆல்கஹால் அளவு வருமாறு கலந்த வோட்காவும் கொடுக்கப்பட்டன. இரண்டுமே கண்ணுக்கு நிறம் தெரியாதபடி கருநிற பாட்டில்களில், சுவையின் வேறுபாடு மழுங்கும்படி நன்கு குளிரூட்டித் தரப்பட்டன. ஒயின் குடித்த 11 பேரில் 9 பேருக்கு வழக்கமான தலைவலி வந்தது. வோட்கா குடித்த 8 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. சிவப்பு ஒயின் மேல் இத்தகைய புகார் இல்லாத வேறு ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் ஆரோக்கியமானவர்களுக்கும் இரண்டுமே ஒன்றும் செய்யவில்லை. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் ‘எனக்குச் சிவப்பு ஒயின் ஆகாது’ என்று சொல்பவரை நம்புவதற்கு இது நல்ல ஆதாரம். ஆல்கஹாலுக்கு அப்பால் சிவப்பு ஒயினில் வேறு ஏதோ இருக்கிறது என்பதையும் இந்தச் சோதனை காட்டிவிட்டது.

அந்த ‘வேறு ஏதோ’ எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஒயின் செய்யும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளை ஒயினுக்குத் திராட்சையைப் பிழிந்து, தோலை நீக்கிவிட்டு, சாற்றை மட்டும் நொதிக்கவிடுவார்கள். சிவப்பு ஒயினுக்கோ நசுக்கிய பழம் தோலோடும் விதையோடும் சேர்ந்தே நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில், தொட்டியில் நொதிக்கும். நொதித்தலில் எழும் கரியமில வாயு தோல்களை மேலே தள்ளித் தடித்த மூடிபோல ஆக்கிவிடும். அதை அவ்வப்போது கீழே அழுத்தியோ, அடியிலிருந்து சாற்றை இறைத்து மேலே ஊற்றியோ நனைத்துக்கொண்டே இருப்பார்கள். உருவாகிவரும் ஆல்கஹால் தோலிலிருந்து நிறத்தையும், துவர்ப்பையும், பீனால் சேர்மங்கள் எனப்படும் பெருங்கூட்டத்தையும் கரைத்து எடுக்கிறது. கருந்திராட்சையில் பலவற்றின் சாறு நிறமற்றதுதான். சிவப்பு முழுவதும் தோலின் கொடை. ஆகவே சிவப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு தோல். தலைவலிக்கான காரணத்தையும் அங்கேயே தேடியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் பழி முதலில் விழுந்தது சல்ஃபைட் மேல்.

சல்ஃபைட் என்பது கந்தக டை ஆக்சைடும் அதன் உப்புகளும். ஒயின் கெடாமலும் நிறம் மாறாமலும் இருப்பதற்காக அவற்றைச் சேர்க்கிறார்கள். நொதித்தலின்போது ஈஸ்ட்டும் சிறிதளவு உண்டாக்குகிறது. ‘சல்ஃபைட் உள்ளது’ என்று பாட்டிலில் அச்சிட வேண்டும் என்ற விதி 1980களில் அமெரிக்காவிலும் 2005இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் வந்தது. லேபிளில் தனியாக எச்சரித்துச் சொல்லப்பட்ட ஒரே பொருள் அதுதான் என்பதால், தலைவலி வந்தவர்கள் அதைச் சந்தேகித்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை தலைவலிக்காக வந்ததல்ல. ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குச் சல்ஃபைட் மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும் என்பதே அதன் பின்னணி. மேலும், கணக்கும் இடிக்கிறது. தோலிலிருந்து வரும் பீனால்கள் ஓரளவு பாதுகாப்பு தருவதால் சிவப்பு ஒயினுக்குக் குறைவான சல்ஃபைட் போதும். ஐரோப்பிய விதிப்படி இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராமும் வெள்ளையில் 200 மில்லிகிராமும் உச்ச அளவுகள். இனிப்பு ஒயின்களுக்கு இன்னும் அதிக அளவு அனுமதிக்கப்படுகிறது. சில உலர்பழங்களில் இதைவிடப் பல மடங்கு சல்ஃபைட் இருக்கிறது. குற்றவாளி சல்ஃபைட்தான் என்றால், தலைவலிக்காரர்கள் வெள்ளை ஒயினையும் உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தையும் கண்டல்லவா ஓட வேண்டும்? சல்ஃபைட் இல்லாத ஒயின் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியும் தலைவலி நிற்காமல் ஏமாந்துபோகும் மனிதர்களை நினைத்தே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அடுத்தது ஹிஸ்டமின். இது சற்று வலுவான சந்தேகம். ஒவ்வாமையின்போது நம் உடலே சுரக்கும் இந்தப் பொருள் இரத்தக் குழாய்களை விரியச் செய்யும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இதை ஊசி மூலம் இரத்தத்தில் செலுத்தினால் தலைவலி வரும் என்பதும் சோதித்துப் பார்க்கப்பட்டதே. சிவப்பு ஒயினில் பொதுவாக வெள்ளையைவிட ஹிஸ்டமின் கூடுதலாக இருக்கிறது. ஒயினின் புளிப்பைத் தணிக்க நடக்கும் இரண்டாம் கட்ட நொதித்தலில் பாக்டீரியாக்கள் மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும்போது, அமினோ அமிலங்களிலிருந்து ஹிஸ்டமினும் உண்டாகலாம். சிவப்பு ஒயின்களில் அநேகமாக எல்லாமே இந்தக் கட்டத்தைக் கடக்கின்றன. குடலில் ஹிஸ்டமினை உடைக்கும் டையமின் ஆக்சிடேஸ் என்ற நொதி சிலருக்குக் குறைவாக இருக்கும். அவர்களுக்கு ஒயின் மட்டுமின்றி, நாள்பட்ட பாலாடைக்கட்டி போன்றவையும் மூக்கொழுகலையும் முகச்சிவப்பையும் தலைவலியையும் தரலாம். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த விளக்கம் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்தவில்லை. ஒயின் ஆகாது என்று சொன்ன 16 பேருக்கு ஹிஸ்டமின் மிகக் குறைந்த ஒயினையும் மிகுந்த ஒயினையும் எது எதுவென்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. அவர்களுக்கு உண்டான தொல்லைக்கும் ஹிஸ்டமின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை.

நாள்பட்ட பாலாடைக்கட்டி போன்ற உணவுகளில் இருக்கும் டைரமின் என்ற பொருளின் மீதான சந்தேகம் 1967இல் பிரிட்டிஷ் மருத்துவர் எடா ஹானிங்டன் எழுதிய கட்டுரையிலிருந்து வலுப்பெற்றது. குறிப்பிட்ட வகை மனச்சோர்வு மாத்திரைகளை உட்கொள்வோர் பாலாடைக்கட்டி தின்றால் இரத்த அழுத்தம் எகிறிக் கடுந்தலைவலி வருவதற்கு டைரமின்தான் காரணம் என்பது அப்போது தெரியவந்திருந்தது. அந்த மாத்திரைகளை உட்கொள்வோர் இன்றும் மருத்துவரைக் கேட்காமல் ஒயின் குடிக்கக் கூடாது. மற்றவர்களைப் பொறுத்தவரை, 1988 சோதனையில் தலைவலியைக் கொண்டுவந்த ஒயினில் டைரமின் புறக்கணிக்கத்தக்க அளவே இருந்தது. வாயைத் துவரச் செய்யும் டானினையும் சிலர் குறைசொல்வதுண்டு. தேநீரில் தாராளமாக இருக்கும் டானின் அவர்களுக்கு ஒன்றும் செய்யாததால் அந்த வாதம் வலுவிழக்கிறது.

2023இல் வேறொரு பெயர் முன்னால் வந்தது: குவர்செட்டின். இதைப் புரிந்துகொள்ள, உடல் ஆல்கஹாலை எப்படிக் கையாளுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கல்லீரல் அந்த வேலையை இரண்டு படிகளில் செய்கிறது. முதல் படியில் ஆல்கஹால் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. இது ஆல்கஹாலைவிட நச்சுத்தன்மை கூடிய பொருள். இரண்டாம் படியில் ஏஎல்டிஹெச்2 என்ற நொதி அதைத் தீங்கற்ற அசிட்டேட்டாக மாற்றிவிடுகிறது. இரண்டு படிகளும் ஒரே வேகத்தில் நடந்தால் நச்சு தேங்காது. இரண்டாம் படி தடுமாறினால் தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும், தலை வலிக்கும்.

இரண்டாம் படியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது மருத்துவ உலகுக்குத் தெரியவந்த விதம் குறிப்பிடத்தக்கது. 1940களில் டென்மார்க்கில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகப்சன் என்ற இருவர் டைசல்ஃபிரம் என்ற பொருளைக் குடற்புழு மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று ஆராய்ந்தார்கள். பாதுகாப்பானதா என்று பார்க்க அதைத் தாங்களே விழுங்கினார்கள். அந்த நாட்களில் சிறிதளவு மது குடித்தாலும் தங்களுக்கு உடல் கெட்டுப்போவதைக் கண்டு, அசிட்டால்டிஹைடு தேங்குவதே காரணம் என்று கண்டுபிடித்து, 1948இல் வெளியிட்டார்கள். மதுவை விட விரும்புவோருக்கு அந்த மருந்து இன்றும் தரப்படுகிறது. மருந்தே இல்லாமல் இதே நிலையோடு பிறப்பவர்களும் உண்டு. கிழக்கு ஆசிய மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு அந்த நொதியின் மரபணு மாறுபட்டிருப்பதால் ஒரு கோப்பை மதுவிலேயே முகம் சிவந்துவிடுகிறது. அவர்கள் அந்தச் சிவப்பை மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு தொடர்ந்து குடிப்பது ஆபத்தானது. தேங்கும் அசிட்டால்டிஹைடு உணவுக்குழாய்ப் புற்றுநோயின் அபாயத்தைக் கூட்டுகிறது.

இப்போது திராட்சைத் தோலுக்குத் திரும்புவோம். வெங்காயம், ஆப்பிள், தேயிலை உட்படப் பல தாவரங்களில் உள்ள குவர்செட்டின் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே திராட்சை இதை உண்டாக்குகிறது. ஆகவே கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளி வெயில் நேரே படும்படி விட்டால் அளவு பல மடங்கு கூடுகிறது. சிவப்பு ஒயினில் இது வெள்ளையைவிட மிக அதிகம். உடலுக்குள் போனதும் குவர்செட்டினில் பெரும்பகுதி குவர்செட்டின் குளுகுரோனைடு என்ற வடிவத்துக்கு மாறி இரத்தத்தில் சுற்றுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த அப்ரமிதா தேவி, ஆண்ட்ரூ வாட்டர்ஹவுஸ் ஆகியோரும், சான் பிரான்சிஸ்கோ வளாகத்தின் நரம்பியல் மருத்துவர் மோரிஸ் லெவினும் இந்த வடிவத்தை ஏஎல்டிஹெச்2 நொதியோடு சேர்த்துச் சோதனைக் குழாயில் பார்த்தார்கள். லிட்டருக்குப் பத்து மைக்ரோமோலுக்கும் சற்றுக் குறைவான செறிவிலேயே நொதியின் வேகம் பாதியாகக் குறைந்தது. சிவப்பு ஒயின் குடித்தவர்களின் இரத்தத்தில் இதற்கு நிகரான செறிவுகள் முன்பே பதிவாகியிருக்கின்றன என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் அந்த ஆண்டு நவம்பரில் வெளியான இந்த விளக்கத்தின்படி, சிவப்பு ஒயின் ஒரே கோப்பைக்குள் ஆல்கஹாலையும், அதன் நச்சை அகற்றும் நொதிக்கான தடையையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

எனக்கு இது மனநிறைவளிக்கும் விளக்கமாகப் படுகிறது. தோலில் தொடங்கி, சிவப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டைத் தொட்டு, வோட்கா ஏன் வலிக்கச் செய்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ஒரே ஆளுக்கு ஒரு சிவப்பு ஒயின் வலியைத் தந்து இன்னொன்று தராமல் இருப்பதற்கும் வெயில், நிழல் என்ற காரணத்தைத் தருகிறது. ஆனால் இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. குவர்செட்டின்தான் காரணம் என்றால், வெங்காயம் நிறைந்த உணவோடு வோட்கா குடிப்பவருக்கும் தலை வலிக்க வேண்டாமா? தடை எல்லோருக்கும் பொதுவென்றால், வலி ஏன் சிலருக்கு மட்டும்? இரண்டாவது கேள்விக்கு ஆய்வாளர்களிடம் ஒரு ஊகம் இருக்கிறது: நொதி இயல்பிலேயே சற்று மெதுவாக வேலை செய்பவர்களும், ஒற்றைத் தலைவலிக்கு ஆளாகும் தன்மை ஏற்கெனவே உள்ளவர்களும் இந்தச் சிறு தேக்கத்தைத் தாங்க முடியாதவர்களாக இருக்கலாம்.

அந்தத் தாங்கும் எல்லையும் நாளுக்கு நாள் மாறக்கூடியது. நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தினர் ஒற்றைத் தலைவலி உள்ள 2,197 பேரிடம் கேட்டறிந்து எழுதிய ஆய்வில், 35.6 சதவீதத்தினர் மது தங்களுக்குத் தலைவலியைத் தூண்டுவதாகச் சொன்னார்கள். அவர்கள் அதிகமாகக் குறைசொன்ன பானம் சிவப்பு ஒயின்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் தவறாமல் வலியைக் கொண்டுவருகிறது என்று சொன்னவர்கள் 8.8 சதவீதம் மட்டுமே. தூக்கக் குறைவு, வெறும் வயிறு, மன அழுத்தம், மாதவிடாய் நாட்கள் என்று மற்றவை சேரும்போது அதே ஒயின் எல்லையைத் தாண்ட வைக்கிறது. சேராத நாளில் சும்மா கடந்துபோகிறது. எனவே ‘போன வாரம் குடித்தபோது நன்றாகத்தானே இருந்தீர்கள்?’ என்ற கேள்வி அவருடைய புகாரைப் பொய்யாக்கிவிடாது.

இவ்வாறு உடம்பு சொல்லும் தீர்ப்பு, காலப்போக்கில் நாக்கின் தீர்ப்பாகவே மாறிவிடுவதும் உண்டு. 1955இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியாவும் உடனாளர்களும் எலிகளுக்கு இனிப்பூட்டிய நீரைக் கொடுத்து, கூடவே கதிரியக்கத்தால் அவற்றை நோயுறச் செய்தார்கள். அதன் பிறகு, முன்பு விரும்பிக் குடித்த அந்த இனிப்பு நீரையே எலிகள் வெறுத்து ஒதுக்கின. குமட்டலோடு சேர்ந்துகொண்ட சுவையை மூளை மறப்பதில்லை. உணவுக்கும் உபாதைக்கும் இடையே சில மணி நேரம் கழிந்திருந்தாலும் அது முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் குமட்டலோடு வருவது. ஆகவே இரண்டு மூன்று முறை அவதிப்பட்ட ஒருவர் ‘எனக்குச் சிவப்பு ஒயினின் சுவை பிடிக்காது’ என்று சொல்லும்போது, அந்தப் பிடிக்காமைக்குள் பழைய வலி ஒளிந்திருக்கலாம்.

பிறவியிலேயே நாக்கு வேறுபடுவதும் உண்மைதான். 1931இல் டியூபான்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு தூளைக் குப்பியில் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. அந்தச் சிறு வாக்குவாதத்திலிருந்துதான் கசப்பை உணர்வதில் மனிதர்கள் மரபுவழியாகவே வேறுபடுகிறார்கள் என்ற அறிவு வளர்ந்தது. இருந்தும் நாக்கு தனியாகத் தீர்ப்பு எழுதுவதில்லை. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சின் போர்தோவில் ஒயினியல் பயின்ற 54 பேருக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயின் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள். பயிற்சி பெற்ற மூக்கையே கண் இந்த அளவு ஆளும் என்றால், சிவப்பைக் கண்டதும் வலியை எதிர்பார்ப்பதும் வலிக்கு ஓரளவு வழி திறக்கக்கூடும். கருநிற பாட்டில்கள் அவசியப்பட்டது இதனால்தான்.

நடைமுறையில், வலி எப்போது வருகிறது என்பதே முதல் துப்பு. சர்வதேசத் தலைவலி வகைப்பாடு மதுவால் வரும் தலைவலியை இரண்டாகப் பிரிக்கிறது: குடித்த மூன்று மணி நேரத்துக்குள் வருவது ஒன்று, ஐந்து முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வருவது இன்னொன்று. மறுநாள் காலையில் எழும்போது இருக்கும் வலி பெரும்பாலும் குடித்த மொத்த அளவைப் பற்றிப் பேசுகிறது. ஓரிரு கோப்பையிலேயே, அன்று மாலையே வரும் வலிதான் இந்தக் கட்டுரை பேசும் வலி. கூடவே மூக்கடைப்போ அரிப்போ இருந்தால் ஹிஸ்டமினையும், மூச்சிரைப்பு இருந்தால் சல்ஃபைட்டையும் மருத்துவரிடம் சொல்லிப் பார்க்கலாம். வலியைத் தடுக்கிறேன் என்று முன்கூட்டியே பாராசிட்டமால் விழுங்கிவிட்டுக் குடிப்பது கல்லீரலுக்கு நல்லதல்ல. மின்னல் வெட்டியதுபோல் திடீரென உச்சத்துக்குப் போகும் தலைவலிக்கு ஒயினைக் குறைசொல்லிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குவர்செட்டின் விளக்கம் மெய்யா என்பதை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அதை முன்வைத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தச் சோதனைக்கு நிறத்தை மறைக்கும் பாட்டில்கள்கூடத் தேவைப்படாது. ஒரே வகைத் திராட்சையில், இலை மறைவில் பழுத்த கொத்துகளிலிருந்து ஒன்றும், வெயில் நேரே பட்டுப் பழுத்த கொத்துகளிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிவப்பு ஒயின்கள் போதும். இரண்டிலும் ஆல்கஹால் ஒரே அளவாக இருக்க வேண்டும். எது எது என்பது குடிப்பவருக்கும் ஊற்றிக் கொடுப்பவருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும். சிவப்பு ஒயின் தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று இத்தனை காலம் சொல்லிவந்தவர்கள், அன்று மாலை மூன்று மணி நேரத்துக்குள் தங்கள் நெற்றிப்பொட்டு என்ன சொல்கிறது என்று குறித்துவைத்தால் போதும்.